மருந்தும் கொள்வோரும்

நோய் தீர்த்தற்கு மருந்து வேண்டும். அம்மருந்து நோயாளியின் உள்ளே சென்றாலன்றிப் பயன் தராது. இவ்வெளிய உண்மையை மருந்து செய்வோர் நெடுங்காலம் மறந்திருந்தனர் என்பதே எமது கருத்து. வளர்ந்தோருக்கென ஆக்கிய குளிசையைத் தாய் நான்காகப் பிளந்து, நசித்துச் சீனியோடு குழைத்துக் குழந்தைக்கு ஊட்டுகிறாள். நான்கு துண்டும் ஒரே அளவின ஆவதில்லை. கசப்புத் தாளாது குழந்தை பாதியை உமிழ்ந்தால், உட்சென்றது எவ்வளவு என்பதை யார் அறிவர்? அளவு குறைந்தால் நோய் தீராது. மிகுந்தால் மருந்தே நஞ்சாகும்.

திருவள்ளுவர், வைத்தியன் நோயுற்றவனின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்து செய்தல் வேண்டுமென்றார். முதலாவதனுள் நோயாளியின் பருவத்தையும் அடக்கி உரை கண்டார் பரிமேலழகர். எம் நாட்டுப் பரியாரிமாரும் தேன், நெய், பால், இஞ்சிச்சாறு என அனுபானம் வகுத்தே மருந்து கொடுத்தனர். ஒரு வயது நிறையாத குழவிக்குத் தேன் ஆகாதென்பது பின்னர் அறியப்பட்ட திருத்தம். ஆயினும் கொள்வோரை நோக்கிக் கொடுக்கும் நெறி பழுதற்றதே.

உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கென அத்தியாவசிய மருந்துப் பட்டியலொன்றை 2007ஆம் ஆண்டிலேதான் முதன்முதல் வெளியிட்டது. 2009இல் மலேரியாக் காய்ச்சலுக்கு நீரிற் கரையும் இனிய குளிசை வந்தது. சயரோகத்துக்கு, மூன்று மருந்துகளைக் குழந்தைக்குரிய அளவிற் சேர்த்து ஆக்கிய பழச்சுவைக் குளிசையை 2016இல் கென்யா நாடு முதன்முதல் வழங்கத் தொடங்கியது. ஆகவே, இது செய்யவொண்ணாத காரியமன்று.

முதியோர் நிலையும் இரங்கத்தக்கதே. விழுங்க மாட்டாதார்க்கு வீட்டார் குளிசையை அரைத்துக் கொடுப்பர். நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கரைய வேண்டிய மருந்து அதனால் ஒருங்கே உடலிற் சேர்ந்து கேடு விளைக்கும். இரைப்பையைக் கடந்தபின் கரையவெனப் பூச்சிட்ட குளிசையும் அரைத்தற்குரியதன்று.

இனிப்பாக்கினால் குழந்தைகள் தின்பண்டமென எண்ணி அள்ளியுண்ணாரோ எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டம், சிறார் எளிதிற் திறக்கவியலாத மூடியை வேண்டிற்று. வாதம் பிடித்த முதியோர் கைக்கும் அது திறவாது போகவே, 1995இல் முதியோரைக் கொண்டும் மூடிகளைச் சோதிக்க விதி செய்தனர். ஒருவர்க்கு நன்மை செய்யுங்கால் மற்றவரையும் மறவாதிருத்தலே அறிவுடைமை.

மலிவு விலையில் நன்மருந்து கிடைக்க வேண்டுமென்று, பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எம் நாட்டில் எழுந்தது. அந்நோக்கத்தை யாம் போற்றுகிறோம். ஆனால் உமிழப்பட்ட மருந்து மலிவான மருந்தன்று. கொள்வனவு செய்வோர் விலையோடு, உண்பவர்க்கு ஏற்குமா என்பதையும் நோக்குதல் வேண்டும். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் வைத்தியராயும் மருந்துக் கலவையாளராயும் உள்ளோர், குளிசையைக் கையில் கொடுக்குமுன், “இதனை விழுங்க முடியுமா?” என ஒருமுறை வினவுவாராக. அவ்வினாவுக்குச் செலவில்லை.