காவலன் மறைக்கும் ஆள்

லுத்விக் டாய்ட்ச் 1890களில் வரைந்த கெய்ரோ காவலர் ஓவியங்களைப் பார்த்ததும் நம் ஆட்கள் குறியீடு தேடக் கிளம்பிவிடுகிறார்கள். ஈட்டி என்றால் அதிகாரம், பட்டு என்றால் செழிப்பு, மூடிய கதவு என்றால் கிழக்கின் மர்மம். இது வாசிப்பே இல்லை. ஓவியர் விரித்த வலைக்குள் உட்கார்ந்துகொண்டு வலையின் பின்னலை வியக்கிற வேலை.

டாய்ட்ச் வியன்னாக்காரர். எகிப்துக்குப் போய்வந்து, சேகரித்த பொருட்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு பாரிஸ் ஸ்டூடியோவில் வரைந்தார். சரி, அந்தக் கெய்ரோவை அப்போது உண்மையில் காவல் காத்தது யார்? 1882இல் அலெக்சாண்ட்ரியாவைக் குண்டுவீசித் தகர்த்து, டெல் எல் கபீரில் ஜெயித்து, எகிப்தைப் பிடித்த பிரிட்டிஷ் படை. அந்தப் போரில் நம்மூர் மெட்ராஸ் சாப்பர்ஸும் இருந்தார்கள். இந்தக் காவலர் படங்களில் பிரிட்டிஷ் சிப்பாயும் இல்லை, நம்ம ஆளும் இல்லை. அவற்றின் முக்கியமான குறியீடே அந்த இல்லாத ஆள்தான். ஜெரோமின் ஓவியத்தை வைத்து லிண்டா நாக்லின் 1983இலேயே இதைப் பேசிவிட்டார்: ஓடு ஓடாக நுணுக்கம் காட்டும் படத்தில் வரலாறும் வெள்ளைக்காரனும் மட்டும் காணோம்.

"அது எகிப்து, நமக்கென்ன?" என்பவர்கள் கள்ளக்குறிச்சிக்கு வரலாம். 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்து வந்த படங்கள் என்ன? கல்வராயன் மலையில் போலீஸ் ஊறலைக் கொட்டி அழிக்கிறது. பச்சை மலை, கவிழ்ந்த பேரல், நிமிர்ந்து நிற்கும் காக்கி. அதே ஓவியம், உடுப்புதான் வேறு.

கருணாபுரம் மலையில் இல்லை, கள்ளக்குறிச்சி நகருக்குள் இருக்கிறது. இத்தனை பேரைக் கொல்லும் மெத்தனால் வெல்ல ஊறலில் உண்டாவதில்லை. அது ஆலை ரசாயனம். ரோடு வழியாகத்தான் வந்தாக வேண்டும். வழியில் இருந்த காவல் எந்தப் படத்திலும் இல்லை. ஆட்சியரை மாற்றினார்கள், எஸ்.பி.யை சஸ்பெண்ட் செய்தார்கள். ஆனால் பொதுப்புத்தியில் குற்றவாளியாகத் தங்கியது மலைதான். 1976 வரை ஜாகீர்தார்களுக்குக் கீழே கிடந்த மலையாளிப் பழங்குடிகள் இன்று இந்தப் படத்தின் பின்னணித் திரை.

சும்மா அழகியல் பேசுகிறோம் என்று தப்பிக்க முடியாது. காவலனைக் காட்டும் படம் எதுவானாலும், அவனை அங்கே நிறுத்தியது யார், அவன் முதுகுக்குப் பின்னால் தப்பிப்போனது யார் என்று கேளுங்கள். ஈட்டிக்கு அர்த்தம் அப்புறம் சொல்லலாம்.