ஃப்ரீயா படிக்கிறாங்களே, சம்பளம் எதுக்கு? அமெரிக்க காலேஜ் வீரர்களின் பணக் கணக்கு

அமெரிக்க காலேஜ் ஸ்காலர்ஷிப் பத்தி நம்ம சேனல்ல பேசினப்போ, விளையாட்டுக்காகக் கிடைக்கிற ஸ்காலர்ஷிப் பத்தியும் கொஞ்சம் சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே மாதிரி இருந்துச்சு: "படிப்பு ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. இதுக்கு மேல சம்பளமும் கொடுக்கணுமா?"

கொடுக்கணும்னுதான் நான் சொல்வேன். "பாவம் பசங்க" என்கிற இரக்கத்துல சொல்லல. பணக் கணக்கு போட்டுப் பார்த்தாலே அப்படித்தான் வருது.

முதல்ல இந்தத் தொழிலோட அளவு புரியணும். நம்ம ஊர் இன்டர்-காலேஜ் டோர்னமென்ட்டை மனசுல வெச்சுக்கிட்டு இதைப் பார்க்காதீங்க. மிச்சிகன் யூனிவர்சிட்டியோட ஃபுட்பால் ஸ்டேடியத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல உட்காரலாம். 'மார்ச் மேட்னஸ்'னு சொல்ற காலேஜ் கூடைப்பந்துப் போட்டியோட டிவி உரிமையை 2016-ல எட்டு வருஷத்துக்கு நீட்டிச்சாங்க. விலை 880 கோடி டாலர், அதாவது வருஷத்துக்குச் சராசரியா 110 கோடி டாலர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டி 2023 நவம்பர்ல ஜிம்போ ஃபிஷர்ங்கிற கோச்சை நீக்கினப்போ, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த பணம் ஏழரைக் கோடி டாலருக்கும் மேல. வேலை பார்க்கறதுக்கு இல்லங்க, இனிமே வேலைக்கு வராம இருக்கறதுக்கு! அந்த டீம்ல ஓடி, மோதி, விழுந்து எழுந்த பசங்களுக்கு மட்டும் "நீ மாணவன், பணத்தைப் பத்தி யோசிக்காதே"ன்னு பல வருஷம் பாடம் எடுத்தாங்க.

இப்போ ஸ்காலர்ஷிப்புக்கு வருவோம். அது சின்ன விஷயம்னு நான் சொல்லவே மாட்டேன். வருஷச் செலவு 80,000 டாலரைத் தாண்டுற தனியார் யூனிவர்சிட்டிகள் இருக்கு. கடன் இல்லாம டிகிரி வாங்கறது பெரிய வரம். ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க கம்பெனி உங்க சம்பளத்தைப் பணமா தராம, அவங்களே நடத்துற கடையோட கூப்பனா கொடுத்தா ஒத்துக்குவீங்களா? கூப்பன்ல என்ன விலை போடணும்னு முடிவு பண்றதும் அவங்கதான். ஊர்ல இருக்கிற மத்த கம்பெனிகளும் "நாங்களும் கூப்பன்தான் தருவோம், ஒருத்தரும் அதுக்கு மேல தரக்கூடாது"ன்னு பேசி வெச்சுக்கிட்டா? என்.சி.ஏ.ஏ. அமைப்பு பல பத்தாண்டுகளா செஞ்சது கிட்டத்தட்ட இதுதான். 2021 ஜூன்ல ஆல்ஸ்டன் வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0ன்னு அந்த அமைப்புக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு. அந்த வழக்கு படிப்பு சம்பந்தமான சலுகைகளுக்கு வெச்ச உச்சவரம்பு பத்தி மட்டும்தான். ஆனாலும் அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் மொத்தக் கட்டடமும் ஆட ஆரம்பிச்சது.

இன்னொண்ணு, எல்லாருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கிடைக்கறது இல்ல. நிறையப் பேர் வாங்கறது பாதி, கால்வாசிதான். 1973-ல கொண்டுவந்த விதிப்படி ஸ்காலர்ஷிப்பை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். பல வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம்ங்கிற அனுமதி 2012-லதான் வந்துச்சு. சரியா ஆடலைன்னு ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக்கூடாதுன்னு பெரிய கான்ஃபரன்ஸ்கள் முடிவெடுத்தது 2015-ல. அதுவரைக்கும் முட்டி போன பையனோட படிப்பு கோச் கையில இருந்துச்சுன்னு அர்த்தம்.

என்னோட முக்கியமான வாதம் வேற. நம்ம எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்ற அறிவுரை என்ன? "இப்போ படி, அப்புறம் சம்பாதிக்கலாம்." பெரும்பாலான தொழிலுக்கு இது சரி. 20 வயசு இன்ஜினியரோட உழைப்புக்கு இருக்கிற மதிப்பைவிட 40 வயசுல மதிப்பு அதிகம். விளையாட்டுல இது தலைகீழ். காலேஜ்ல ஃபுட்பால், கூடைப்பந்து ஆடுறவங்கள்ல ப்ரோ லீகுக்குப் போறவங்க 2 சதவீதத்துக்கும் கீழ். அப்படின்னா மீதி 98 பேருக்கு அந்த நாலு வருஷம் பயிற்சிக் காலம் இல்ல, அதுதான் முழு கேரியரே. அவங்க திறமைக்கு சந்தையில உச்ச விலை இருக்கிற ஒரே காலம் 18-ல இருந்து 22 வரைக்கும்தான். அந்த நேரத்துல "அப்புறம் சம்பாதிச்சுக்கோ"ன்னா, அந்த அப்புறம் வரவே போறதில்ல. மாம்பழ சீசன்ல விற்கக்கூடாதுன்னு தடை போட்டுட்டு, ஐப்பசியில கடை திறந்துக்கோன்னு சொன்ன மாதிரி.

இதுல நம்ம ஏரியா கணக்கு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்கு ராத் ஐ.ஆர்.ஏ. கணக்கு தெரிஞ்சிருக்கும். வரி கட்டின பணத்தைப் போடலாம், வளர்ச்சிக்கு வரி கிடையாது. ஆனா அதுல போடணும்னா உழைச்சுச் சம்பாதிச்ச வருமானம் வேணும். டிகிரி மாணவரோட ஸ்காலர்ஷிப் அந்தக் கணக்குல வராது. வாரம் 20 மணி நேரம் பயிற்சி, போட்டி (இது விதிப்படி, பயண நேரம் இதுல சேராது), மிச்ச நேரம் படிப்புன்னு ஓடுற பையன், பார்ட் டைம் வேலைக்கும் போக முடியாம ஓய்வுக்காலக் கணக்குல ஒரு டாலர் கூடப் போட முடியல. 2025-க்கான வரம்பு 7,000 டாலர். நாலு வருஷம் போட்டா 28,000. வருஷத்துக்கு 7 சதவீதம்னு வெச்சா (உத்தரவாதம் இல்ல, கணக்குக்காக), 40 வருஷத்துல அது சுமார் 15 மடங்கு, அதாவது 4 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கிட்ட வரும். ஸ்டார் பிளேயருக்குக் கோடி கிடைக்குமாங்கிற சண்டையில, நடுத்தர வீரரோட இந்த இழப்பை யாருமே பேசறதில்ல.

அடுத்தது உடம்பு. 'ஸ்டூடன்ட் அத்லெட்'ங்கிற அழகான வார்த்தை எப்படி வந்துச்சு தெரியுமா? கொலராடோ மாநிலத்துல ரே டெனிசன்ங்கிற காலேஜ் வீரர் 1955-ல ஆட்டத்துல பட்ட அடியால இறந்துபோனார். அவர் மனைவி, தொழிலாளிக்குக் கிடைக்கிற இழப்பீட்டைக் கேட்டாங்க. அவர் காலேஜோட ஊழியர் இல்லன்னு சொல்லி 1957-ல கொலராடோ உச்ச நீதிமன்றம் மறுத்துடுச்சு. இந்த மாதிரி இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்குப் பயந்துதான் அந்த வார்த்தையையே என்.சி.ஏ.ஏ. புழக்கத்துக்குக் கொண்டுவந்துச்சு. அன்னைக்கு அந்த அமைப்பை நடத்தின வால்டர் பையர்ஸே 1995-ல எழுதின புத்தகத்துல இதைச் சொல்லியிருக்கார். இன்னைக்கு நிலைமை பரவாயில்ல. முதல் பிரிவு காலேஜ்கள், விளையாட்டுக் காயத்துக்கு, படிப்பு முடிஞ்சு 2 வருஷம் வரைக்கும் மருத்துவச் செலவு பார்க்கணும்னு 2024 ஆகஸ்ட்ல இருந்து விதி இருக்கு. ஆனா 20 வயசுல கிழிஞ்ச முட்டி, மூட்டுவலியா திரும்பி வர்றது 40-ல. அந்த பில்லை யார் கட்டுவாங்க?

"சரி, இப்போதான் பணம் தர்றாங்களே"ன்னு கேட்பீங்க. உண்மைதான். 2021 ஜூலை 1-ல இருந்து தன் பேர், முகம் வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம். என்.ஐ.எல்.னு சொல்றது இதைத்தான். 2025 ஜூன்ல ஹவுஸ் வழக்கு சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்துச்சு. பழைய பாக்கிக்கு சுமார் 280 கோடி டாலர், பத்து வருஷத் தவணையில. அதோட ஒவ்வொரு காலேஜும் முதல் வருஷத்துல சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும் வீரர்களுக்கு நேரடியாப் பங்கு தரலாம். நல்ல விஷயம். ஆனா கவனிங்க, அதுவும் ஒரு உச்சவரம்புதான். கோச் சம்பளத்துக்கு அப்படி வரம்பு எதுவும் இல்ல.

எதிர்த் தரப்புல ரெண்டு வாதத்தை நான் மதிக்கிறேன். ஒண்ணு, பெரும்பாலான காலேஜ்கள்ல விளையாட்டுத் துறை நஷ்டத்துலதான் ஓடுது, மத்த மாணவர்களோட ஃபீஸ்ல இருந்து எடுத்துப் போடுறாங்க. இது நிஜம். அதனால சின்ன காலேஜ்கள் எல்லாம் சம்பளம் கொடுக்கணும்னு நான் சொல்லல. ஆனா பெரிய காலேஜ்ல "லாபமே இல்லையே"ன்னு சொன்னா, பணம் எங்கே போச்சுன்னு பாருங்க. கோச்சுக்கும் புது பில்டிங்குக்கும் செலவு பண்ணிட்டு, கடைசியில கல்லாவைத் திறந்து காட்டுறது நியாயமா?

ரெண்டாவது, பெண்கள் விளையாட்டு. இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்ல. ஹவுஸ் பாக்கித் தொகையில பெரும்பங்கு ஆண்கள் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகுது. 1972-ல வந்த டைட்டில் 9 சட்டத்துக்கு இது விரோதம்னு சில வீராங்கனைகள் மேல்முறையீடு பண்ணியிருக்காங்க. "சந்தை விலைப்படி பிரிச்சோம்"னு சொல்றாங்க. அந்தச் சந்தையே பெண்கள் ஆட்டத்தைப் பல வருஷம் சில்லறை மாதிரி சேர்த்துக் கட்டி வித்ததுதானே? 2024 பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியை 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல பார்த்தாங்க, ஆண்கள் இறுதிப் போட்டிக்கு 1 கோடியே 48 லட்சம் பேர்தான். விலை போடத் தெரியாதவன் போட்ட விலையை வெச்சுப் பங்கு பிரிக்கறது எனக்குச் சரியாப் படல.

"18 வயசுப் பையன் கையில பணம் கொடுத்தா ஊதாரியாயிடுவான்"னு ஒரு வாதம் உண்டு. அதை நான் மதிக்கல. 18 வயசுல லட்சக்கணக்குல கல்விக்கடன் பத்திரத்துல கையெழுத்துப் போட வைக்கிறப்போ யாரும் இதைக் கேட்கறது இல்லையே?

அமெரிக்காவுல இருக்கிற நம்ம வாசகர்கள் வீட்டுல டென்னிஸ், நீச்சல்னு பிள்ளைங்க சீரியஸா ஆடினா, ரெண்டு விஷயம் பாருங்க. விளம்பர வருமானம் பொதுவா 1099 படிவத்துல வரும். அதுல யாரும் வரி பிடிக்க மாட்டாங்க. வருமான வரி தவிர, 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை முன்கூட்டியே கட்டணும். கையில வந்த உடனே மூணுல ஒரு பங்கைத் தனி அக்கவுண்ட்டுல போட்டுடுங்க.

பிள்ளை எஃப்-1 விசாவுல போயிருந்தா, விளம்பரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கண்டிப்பா இமிகிரேஷன் வக்கீலைப் பாருங்க. அந்த விசாவுல வேலை பார்க்க இருக்கிற கட்டுப்பாடு இதுக்கும் பொருந்தலாம். பர்டூ யூனிவர்சிட்டியில ஆடின கனடாக்காரர் ஸாக் ஈடி, நாட்டோட சிறந்த காலேஜ் கூடைப்பந்து வீரர்னு பேர் வாங்கினவர். அவராலயே கூட ஆடுற அமெரிக்கப் பசங்க மாதிரி விளம்பரத்துல தாராளமா சம்பாதிக்க முடியல.