தூக்கத்தைத் திருடிப் படிக்கும் படிப்பு

பொதுத்தேர்வு நெருங்கினால் செஞ்சியிலும் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரியும். பன்னிரண்டு மணிவரை படி, நாலு மணிக்கு எழுந்து மறுபடி படி என்பதே பெரியவர்களின் அறிவுரை. தூங்கும்போது மூளை சும்மா கிடக்கிறது, ஆகவே தூக்கத்தில் குறைத்த நேரமெல்லாம் படிப்புக்கு லாபம் என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. அந்த நம்பிக்கை தவறு. படித்தது மனத்தில் நிலைப்பதற்கான வேலையில் முக்கியமான பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது.

முகலாயப் படை 1690 முதல் 1698 வரை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டது என்று ஒரு மாணவி மாலையில் படிக்கிறாள். அந்தச் செய்தி முதலில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை நம்பியே இருக்கிறது. அவள் ஆழ்ந்து தூங்கும்போது பெருமூளைப் புறணியில் மெதுவான பெரிய அலைகள் எழுகின்றன. தலாமஸ் என்ற மூளைப் பகுதியிலிருந்து ஸ்பிண்டில் எனப்படும் வேகமான அலைகள் வருகின்றன. ஹிப்போகாம்பஸிலோ நொடிக்கும் குறைந்த நேரமே நீடிக்கும் சிற்றலைகள் தோன்றுகின்றன. இம்மூன்றும் நேரம் பொருந்தி இயங்கும்போது பகலில் பதிந்தது மறுபடி ஓடி, புறணியில் வேர் பிடிக்கிறது. எலிகள் நடந்தபோது சேர்ந்து இயங்கிய நரம்புச் செல்கள், பிறகு அவை தூங்கும்போதும் சேர்ந்து இயங்கியதை 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் காட்டினார்கள்.

தூங்கும்போது புதிதாக எதுவும் வந்து குறுக்கிடாததால்தான் நினைவு அழியாமல் இருக்கிறது, தூக்கம் தானாக எதையும் செய்வதில்லை என்று சிலர் வாதிடலாம். 1924இல் ஜென்கின்ஸும் டாலென்பாக்கும் இப்படித்தான் கருதினார்கள். ஆனால் 2009இல் பாரிஸ் ஆய்வாளர்கள், பயிற்சிக்குப்பின் ஓய்ந்து தூங்கிய எலிகளின் சிற்றலைகளை மட்டும் மின்தூண்டலால் தடுத்தபோது அவற்றின் கற்றல் பின்தங்கியது. அதே தூண்டலைச் சிற்றலை இல்லாத நேரத்தில் பெற்ற எலிகளுக்கு அந்தக் குறை நேரவில்லை. விழித்துப் படித்தவர்கள் தேறவில்லையா என்று கேட்பவர்கள், ஆண்டு முழுதும் படித்த படிப்பின் பலனைக் கடைசி இரவின் கணக்கில் எழுதுகிறார்கள். ஓர் இரவு தூங்காதவர்களின் ஹிப்போகாம்பஸ் மறுநாள் புதியதைப் பதிப்பதில் தளர்கிறது என்று 2007ஆம் ஆண்டு மனித ஆய்வு காட்டியிருக்கிறது. விழித்திருப்பவர் பழைய பாடத்தோடு புதிய பாடத்தையும் இழக்கிறார்.

விடியற்காலைப் படிப்பு நல்லதுதானே என்றால், நல்லதுதான். ஆனால் பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். நாலு மணிக்கு எழுப்ப நினைக்கும் பெற்றோர் இரவு எட்டு மணிக்கே பிள்ளையைப் படுக்கவிட வேண்டும். அது முடியாதென்றால் காலையில் எழுப்பாதீர்கள். தூங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதையும் நிறுத்துங்கள்.