வெள்ளத்தில் சிரித்தோம், சரி. அதற்காகக் கணக்கு தீர்ந்துவிடுமா?

ஐப்பசி அடைமழையில் ஊர் தண்ணீரில் நின்றால் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "ஜனங்கள் தவிக்கிறார்கள், உங்களுக்குச் சிரிப்பு ஒரு கேடா?" என்று அதட்டும் கட்சி ஒன்று. தண்ணீர் வடிந்ததும், "இடுப்பளவு வெள்ளத்திலும் சிரித்தார்களே, என்ன மன உறுதி!" என்று மாலை போடும் கட்சி இன்னொன்று. எனக்கு இரண்டுமே ஒத்துவராது. முதல் கட்சிக்கு விவரம் போதாது. இரண்டாவது கட்சிக்கு விவரம் கொஞ்சம் அதிகம். அதுதான் ஆபத்து.

அதட்டுகிறவர்கள் 2015 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். 1878இல் தொடங்கிய 'தி இந்து' பத்திரிகையின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று வரவில்லை. ஆட்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. வெள்ளச் செய்தி போடவேண்டிய பேப்பரையே வெள்ளம் நிறுத்திவிட்டது! காலைக் காப்பியோடு பேப்பர் இல்லாவிட்டால் கை உதறும் நம் வயதுக்காரர்களுக்கு இதில் சிரிப்பு வந்தால் அது குற்றமா? அதற்கு முந்தைய மாதம்தான் வாடகைக் கார் கம்பெனி ஒன்று சென்னைத் தெருக்களில் படகு விட்டிருந்தது. வாசலில் நின்று காரைக் கூப்பிட்ட ஊரில் படகு வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? தண்ணீரில் நிற்பவன் சிரிப்பது அவன் உரிமை. மாடியில் உலர்ந்த வேட்டியோடு நின்று அவனைப் பார்த்துச் சிரிப்பதுதான் கேவலம்.

இனி மாலை போடுகிறவர்களுக்கு வருகிறேன். ஜனங்கள் சிரித்தார்கள் என்கிறீர்களே, எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று ஏன் எழுதுவதில்லை? அதே வெள்ளத்தில் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிட்டதாக மத்திய அரசின் செய்தித் துறை ஒரு படம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி ஒட்டுப்போட்டது என்று தெரிந்து ஊரே சிரித்தது, படத்தை எடுத்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் அனுப்பிய நிவாரணப் பொருட்களில் முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்படுவதாகப் புகார் கிளம்பியது. ஸ்டிக்கர் நகைச்சுவைகள் இன்றுவரை ஓயவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். சிரிக்க வைக்கும் காட்சிதான். ஆனால் அதைவிடத் தெளிவான புகார் மனு எந்த அலுவலகத்துக்காவது போயிருக்கிறதா? "உங்கள் மழைநீர் வடிகாலை நாங்கள் நம்பவில்லை" என்று கார்களை வைத்தே எழுதிவிட்டார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2021 நவம்பரில் ஆந்திராவின் அம்மப்பள்ளி அணையைத் திறந்துவிட, கொசஸ்தலை ஆறு பெருகி, பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கின. மணவூர் டீக்கடையில் இந்தச் செய்தியைப் படித்த பெரியவர் ஒருவர், "தரைப்பாலம்னு பேர் வெச்சதுதாம்பா தப்பு. தண்ணிப்பாலம்னு வெச்சிருந்தா யாரும் குறை சொல்லமாட்டாங்க" என்றார். கடையே சிரித்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "எம் பொண்ணு பிரசவத்துக்கு அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் சாமி வரணும்" என்றார். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. முதலில் வந்த சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து, 'கிராம மக்களின் மன உறுதி' என்று தலைப்புப் போடுவது எவ்வளவு பெரிய மோசடி!

இதற்கு வள்ளுவரை வேறு துணைக்கு இழுக்கிறார்கள். துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னார் என்பது உண்மைதான். ஆனால் எங்கே சொன்னார்? 'இடுக்கண் அழியாமை' 63ஆவது அதிகாரம். பொருட்பாலில் அரசியல் பகுதியின் கடைசி அதிகாரம். ஆளுகிறவன் மனம் தளராமல் வேலையைப் பார்க்கவேண்டும் என்பதற்காக வைத்த பாடம் அது. அதை வீடு முழுகியவன் தலையில் கட்டினால் எப்படி?

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் போனது. அந்த வெள்ளம் மனிதர்களால் நேர்ந்த பேரழிவு என்று 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை சொன்னது. அந்த மழைக்காலத்தில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் சிரித்ததைப் பாராட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஆகவே நண்பர்களே, வெள்ளக் கதைகளைப் பேரன் பேத்திகளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுங்கள். ஆனால் பாதியில் நிறுத்தாதீர்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்த வாய்க்கால் தூர்ந்துபோனதால் தெருவில் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்க அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரம் இருக்கும். நமக்கு வேறு என்ன வேலை? போய் முன்வரிசையில் உட்கார்ந்து, நம் ஊர் வாய்க்காலையும் ஏரி மதகையும் பற்றிக் கேட்போம். கேட்டதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.