சிவப்பு இருந்த இடம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களுக்கு வண்ணம் ஏற்றி இணையத்தில் உலவவிடுவது இன்று பெருவழக்காகிவிட்டது. கணிப்பொறி சில நொடிகளில் அதைச் செய்து தந்துவிடுகிறது. பசிபிக் பெருங்கடலில் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த அமெரிக்கப் போர்விமானங்களின் படங்களும் இதற்குத் தப்பவில்லை. அவற்றைக் காணும்போது நமக்கு வியப்பைவிட அச்சமே மிகுகிறது. அவ்விமானங்களின் உடலிலும் இறக்கையிலும் தீட்டியிருந்த குறிகளில் நிறம் அலங்காரமன்று. ஒருவன் உயிரைக் காக்கவோ போக்கவோ வல்ல செய்தி. அதை ஊகத்திற்கு விட்டுவிடலாகாது என்பதே நம் வாதம்.

1941இன் இறுதியில் அமெரிக்கக் கடற்படை விமானத்தின் அடையாளம், நீல வட்டத்துள் ஒரு வெள்ளை விண்மீன். அதன் நடுவே சிவப்புப் பொட்டு. டிசம்பர் 7 அன்று பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. அன்றிரவு எண்டர்பிரைஸ் கப்பலைச் சேர்ந்த ஆறு வைல்ட்கேட் விமானங்கள் அங்கே தரையிறங்க வந்தபோது சொந்தப் படையின் பீரங்கிகளே அவற்றைச் சுட்டன. மூன்று விமானிகள் மாண்டனர். இருட்டில் எந்தக் குறியும் கண்ணுக்குப் பட்டிராது என்பது வேறு. ஆயினும் தம்மவரே தம்மைச் சுடக்கூடும் என்ற அச்சம் அதன்பின் படையை விட்டு நீங்கவில்லை. அடுத்த மாதமே, அடையாளம் பளிச்சென்று தெரியட்டும் என்று வாலின் சுக்கானில் சிவப்பும் வெள்ளையுமாகப் பதின்மூன்று பட்டைகள் தீட்ட ஆணை பிறந்தது. நான்கே மாதங்கள் கழித்து, 1942 மே மாதத்தில், அந்தப் பட்டைகளையும் நடுப்பொட்டையும் அழிக்கச் சொல்லி மற்றோர் ஆணை. ஜப்பானிய விமானத்தின் அடையாளம் செஞ்ஞாயிறு. பதறி நிற்கும் பீரங்கிக்காரன் கண்ணுக்குச் சிவப்பில் ஒரு துளி போதும். தோழன் என்று காட்டச் சேர்த்த நிறம், பகைவன் என்று காட்டிவிடும் என்பதால் நீக்கப்பட்டது. (இந்தியப் பெருங்கடலில் பிரித்தானியரும் இதே காரணத்தால் தம் வட்டக்குறியின் நடுச்சிவப்பைக் கைவிட்டனர். திருகோணமலையிலிருந்து சென்ற கப்பல்களின் விமானங்களிலும் அச்சிவப்பு இல்லை.)

1943 ஜூன் இறுதியில் விண்மீனின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன. தொலைவில் நிறம் கரைந்துபோகும், வடிவமே நிற்கும் என்பது சோதனைகளில் தெரியவந்திருந்தது. குறி முழுவதையும் சுற்றி மெல்லிய சிவப்புக் கரை ஒன்றும் இட்டார்கள். அந்த ஆண்டு முடியுமுன்பே அக்கரையும் நீலமாக்கப்பட்டது. மீண்டும் அதே அச்சம்தான்.

படத்தின் காலத்தைக் கணிப்பவருக்கு இந்தச் சிவப்புக் கரை பெருங்கொடை. கரை சிவப்பென்று உறுதிப்பட்டால், குறி தீட்டப்பட்டது 1943இன் நடுவில். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் அதை எப்படி உறுதி செய்வது? ஆர்த்தோகுரோமாட்டிக் எனப்படும் பழைய வகைச் சுருள் சிவப்பை ஏறக்குறையக் கறுப்பாகவே பதியும். பான்குரோமாட்டிக் சுருளில் அதே சிவப்பு நடுச்சாம்பலாகும். லென்சின் முன் மஞ்சள் வடிகட்டி வைத்திருந்தால் நீலம் மேலும் கருத்துவிடும். ஆகவே கரையின் சாம்பலையும் உள்வட்டத்தின் சாம்பலையும் அருகருகே வைத்துப் பொறுமையாக ஒப்பிடுவதன்றி வேறு வழியில்லை. வண்ணமேற்றும் கணிப்பொறிக்கு இந்தப் பொறுமை கிடையாது. கரையை நீலமாக்கிவிட்டு அடுத்த படத்திற்குப் போய்விடும். பார்ப்பவனுக்கு அங்கே ஒரு கேள்வி இருந்ததே தெரியாது.

ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. செல்லரித்த ஏட்டைக் கண்டு பதிப்பாசிரியர் அஞ்சுவதில்லை. சிதைந்த இடத்தை இன்னதென்று இடைவெளி விட்டுக் காட்டலாம். செல்லரித்த இடத்தைத் தானே நிரப்பிச் சுவடே தெரியாமல் எழுதிவைத்த ஏடுதான் அவரைக் கவிழ்க்கும்.

வண்ணம் வந்தால்தான் படத்திலிருப்பவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள் என்று தோன்றுகிறது என மாணவர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. உண்மையான வண்ணம் வேண்டுமெனில் அதுவும் உண்டு. அறுபதைக் கடந்த வயதில் கடற்படையில் சேர்ந்த எட்வர்ட் ஸ்டைக்கன், 1942 முதல் அதன் விமானப்பிரிவுக்கான புகைப்படக் குழுவை நடத்தினார். அக்காலக் கடற்படைப் படங்களில் கோடாக்குரோம் வண்ணச் சுருளில் எடுத்தவையும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பார்ப்பதில் என்ன தடை?

அன்றியும், மனிதர்களை அருகில் கொண்டுவர நிறத்தினும் கூர்மையான குறி ஒன்று அப்படங்களிலேயே உண்டு. விமானி அறையின் கீழே வரிசையாகத் தீட்டிய சிறு ஜப்பானியக் கொடிகளைச் சொல்கிறோம். ஒரு கொடி என்பது வீழ்த்தியதாக ஏற்கப்பட்ட ஒரு விமானம், ஆள்கணக்கு அன்று. 1942 பிப்ரவரி 20 அன்று லெக்சிங்டன் கப்பலைக் காத்த எட்வர்ட் ஓஹேருக்கு ஐந்து குண்டுவீச்சு விமானங்கள் கணக்கில் வைக்கப்பட்டன. (உண்மை எண்ணிக்கை அதைவிடக் குறைவு என்று ஜப்பானியப் பதிவுகளைக் கொண்டு பின்னர் அறியப்பட்டது.) பெட்டி என்று நேசநாட்டார் பெயரிட்ட அவ்வகை விமானத்தில் வழக்கமாக ஏழு பேர் இருப்பர். கட்டைவிரல் அகலக் கொடிக்குள் ஏழு பேர். 1944 ஜூன் 19 அன்று, அதே பெயர் தாங்கிய புதிய லெக்சிங்டனின் தளத்தில் அலெக்ஸ் விராச்சு ஆறு விரல்களைக் காட்டிச் சிரிக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. அவர் வீழ்த்திய ஜூடி விமானங்கள் இருவர் அமர்பவை. அந்தச் சிரிப்பை நாம் பழிக்கவில்லை. அவனும் சாவிலிருந்து அப்போதுதான் திரும்பியவன். ஆனால் படத்திற்கு வண்ணம் ஏற்றுபவர் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

பழைய லெக்சிங்டன் 1942 மே 8 அன்று பவளக்கடலில் மூழ்கியது, சிவப்பை அழிக்கும் ஆணை நடைமுறைக்கு வருமுன். 2018 மார்ச்சில் அதன் சிதைவுகள் ஏறக்குறைய 3,000 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. அருகே ஒரு வைல்ட்கேட் கிடந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வெளிச்சமே படாத அதன் உடலில் படைப்பிரிவின் ஃபீலிக்ஸ் பூனைச் சின்னம் தெளிவாகத் தெரிந்தது. கூடவே நான்கு ஜப்பானியக் கொடிகளும்.