கடன் வாங்கிய கல்லறை

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'மணமகள் தேவை' பக்கத்தைப் புரட்டியிருக்கிறீர்களா? கிறிஸ்தவர்களுக்குத் தனிப் பத்தி இருக்கும். அதில் ஒரு ரகம் தவறாமல் வரும். பையன் இன்ஜினீயர், ரட்சிக்கப்பட்டவர், அதேபோல் ரட்சிக்கப்பட்ட பெண் வேண்டும். எல்லாம் சரி, கடைசியில் ஜாதிப் பெயரும் இருக்கும், சில சமயம் உட்பிரிவோடு! ரட்சிப்பு என்றால் மறுபடியும் பிறப்பது என்று நிக்கொதேமு என்கிற யூதப் பெரியவருக்கு ஏசு சொன்னார். வயசான மனுஷன் எப்படிங்க மறுபடி பிறக்கிறது என்று அவர் குழம்பிப் போனார். நம்ம ஆட்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. இரண்டாம் தடவை பிறக்கும்போதும் கரெக்டாக அதே ஜாதியில் பிறந்துவிடுகிறார்கள்.

கல்யாணத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. செத்த பிறகும் விடுவதில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 2010-ல் அதில் ஒரு பகுதியைச் சிலர் இடித்தபோது பெரிய செய்தியானது. அதற்கு முன்பு, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். இரு தரப்புக்கும் மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் பலி. மோதிக்கொண்ட இரண்டு தரப்பும் கும்பிட்டது ஒரே சிலுவையைத்தான். பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். கோட்டப்பாளையம் பங்கின் தலித் மக்கள் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனது 2025-ல்.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "ஜாதி கலாசாரம்ங்க, விசுவாசம் வேற."

இந்த வாதத்துக்கு வயசு நானூறு. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலியே, ஜாதி ஒரு சமூக வழக்கம், ஞானஸ்நானத்துக்குப் பிறகும் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற வழியில்தான் நடந்தார். மறுத்தவர்களும் உண்டு. கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதியை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று 1833-ல் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஜாதியா, சபையா என்று வந்தபோது அவர்கள் எதை விட்டார்கள் பாருங்கள்!

கலாசார வாதத்துக்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பேதுரு. எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய்ப் பந்தியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். அதுவும் கலாசாரம்தான். அவர் சாதாரண ஆளா? முதல் சீடர். ஆனாலும் பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவர் முகத்துக்கு நேரே கண்டித்தார். நம் பிரசங்க மேடைகளில் சினிமாவைத் திட்டுகிறார்கள், டி.வி.யைத் திட்டுகிறார்கள், செல்போனைத் திட்டுகிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜாதிப் பெரிய மனுஷரைப் பார்த்து ஒரு வார்த்தை?

இதில் இரட்டை நாக்கு வேறு. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் உத்தரவு பட்டியல் ஜாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று திருச்சபை கேட்பது நியாயமான கோரிக்கை. என் ஓட்டும் அதற்கே. ஆனால், மதம் மாறினாலும் ஜாதிக் கொடுமை மாறவில்லை என்று டெல்லியில் மனு கொடுக்கிறவர்கள், ஊருக்குத் திரும்பியதும் 'கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று' என்று பிரசங்கம் செய்தால் எப்படி? அந்தக் கொடுமையைச் செய்கிறவர் யார்? உங்கள் கோயிலில் காணிக்கை போடுகிறவர்தானே?

அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. 2003-ல் தமிழக ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பாலே ஜாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். பஞ்சம் நடவடிக்கைக்குத்தான். விவாகரத்து வாங்கி மறுமணம் செய்த ஒருவர் நற்கருணை வாங்குவதற்கு எத்தனை கேள்விகள்! பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் கேட்கிறவரிடம் ஒரு கேள்வியும் கிடையாது.

ஏசுவுக்குச் சொந்தமாகக் கல்லறை இருந்ததா? இல்லை. சிலுவையில் குற்றவாளியாகச் செத்தவரின் உடலைக் கேட்டு வாங்கி, தனக்கென்று வெட்டி வைத்திருந்த புதுக் கல்லறையைக் கொடுத்தார் அரிமத்தியா யோசேப்பு. பணக்காரர், ஊரில் கௌரவமானவர். அவர் ஜாதகம் பார்க்கவில்லை. அடுத்தவர் இடத்தில் அடக்கமானவரை ஆண்டவர் என்று கும்பிட்டுவிட்டு, என் இடத்தில் அடுத்தவன் படுக்கக் கூடாது என்கிறீர்களே, இது அடுக்குமா?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். உங்கள் ஊர்த் தோட்டத்தில் சுவரோ வேலியோ இருந்தால், அந்தப் பக்கமும் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள். கல்லில் எழுதியிருக்கும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். அப்படியே பங்குத் தந்தை வீட்டுக் கதவைத் தட்டி, "சாமி, இந்தச் சுவரை எப்ப எடுக்கப்போறீங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாசலைவிட்டு நகராதீர்கள்.