கோழிக்கும் எனக்கும் ஒரே மருந்து



போன மாரியில் எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் கோழிக்குஞ்சுகள் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரத்தமாகக் கழியத் தொடங்கின. பக்கத்து வீட்டு அக்கா மிருக வைத்தியரிடம் போய், தண்ணீரில் கரைத்து வைக்க ஒரு பைக்கற் தூள் வாங்கி வந்தார். அதில் இருந்த பெயரை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார். "சல்பா" என்று தொடங்கியது. எனக்குக் கை கூசியது. அதே பெயரைத்தான் என் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்.

2009இல் முகாமில் இருந்தபோது எனக்குச் சலக்கடுப்பு வந்தது. ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் இருக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். இல்லை என்றேன். சின்ன வயதில் ஏதோ ஒரு வெள்ளைக் குளிசை குடித்து உடம்பெல்லாம் தடித்ததாக அம்மா சொல்லுவா. ஆனால் பெயர் எழுதியிருந்த கொப்பி இடம்பெயர்ந்த வழியில் எங்கேயோ போய்விட்டது. பெயர் தெரியாததைச் சொல்லி என்ன பயன் என்று இருந்துவிட்டேன். கோட்ரைமொக்சசோல் தந்தார்கள். மறுநாளே தோல் சிவந்து, வாயும் உதடும் கொப்புளித்தன. உடனே குளிசையை நிறுத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் தப்பினேன். தந்தவர்களில் பிழை சொல்ல மாட்டேன். கேட்டார்கள், நான்தான் சொல்லவில்லை.

இது கெட்ட மருந்தல்ல. பென்சிலின் புழக்கத்துக்கு வருமுன் உயிர் காத்த மருந்துக் குடும்பம் இது. ஜேர்மனியில் கெகார்ட் டொமாக் என்ற விஞ்ஞானி 1932இல் ஒரு சிவப்புச் சாயத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து இதைக் கண்டறிந்தார். 1935இல் அவருடைய சொந்த மகளின் கையில் ஊசி குத்திச் சீழ் ஏறி, கையையே வெட்ட வேண்டிய நிலை வந்தது. தகப்பன் அந்த மருந்தைக் கொடுத்தார், பிள்ளை கையோடு பிழைத்தது. தையல் ஊசியோடு பிழைக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கதை விளங்கும்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தருகிற போலிக் அமிலம் உங்களுக்குத் தெரியும். நாங்கள் அதைக் கீரையிலும் பயற்றிலும் பெறுகிறோம். பல கிருமிகளுக்கு அந்த வசதி இல்லை, தாங்களே செய்துகொள்ள வேண்டும். சல்பா அந்த வேலையைத் தடுத்துவிடும். கிருமி பெருகாது. கோழியின் குடலில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கும் இதே கதிதான். அதனால்தான் கோழிக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே குடும்பத்து மருந்து வருகிறது. எரிகாயத்துக்கு ஆஸ்பத்திரியில் பூசும் வெள்ளைக் களிம்பு ஒன்றிலும் வெள்ளியோடு சேர்ந்து சல்பாடயசின் இருக்கிறது. ஆகவே ஒவ்வாமை உள்ளவர் களிம்பு பூச முன்னரும் சொல்ல வேண்டும்.

குடும்பம் ஒன்று என்பதற்காக மிஞ்சிய கோழித்தூளைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தாய் கேட்டார். கூடவே கூடாது. அளவும் வேறு, கலவையும் வேறு. பிறந்த குழந்தைக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் மனிதருக்கான சல்பாவே ஆகாது, குழந்தையின் மஞ்சட்காமாலை மூளையைத் தாக்கக்கூடும். வைத்தியர் உங்களுக்குத் தந்தால் நிறையத் தண்ணீர் குடியுங்கள். இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் பளிங்குபோலப் படியலாம்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். குஞ்சுகளுக்கு வைத்த தண்ணீரை முட்டைக் கோழிகளும் குடித்துவிட்டன. மருந்து முட்டைக்குள்ளும் போகும், ஆடு மாடென்றால் பாலுக்குள்ளும் போகும். எத்தனை நாள் விற்கக்கூடாது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். பைக்கற்றில் இருக்கும், இல்லாவிட்டால் மிருக வைத்தியரிடம் கேட்க வேண்டும். அக்காவுக்கோ முட்டைக் காசில்தான் பிள்ளைகளின் கொப்பி, பென்சில் எல்லாம்.

"ஆருக்குத் தங்கச்சி தெரியப்போகுது?" என்றார்.

"எனக்கு ஒண்டு தருவீங்களே அக்கா?" என்று கேட்டேன்.

அவர் பேசவில்லை. அந்த நாட்கள் முழுக்க முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தார். கடைக்குப் போகவேண்டிய முட்டை மண்ணுக்குள் போவதைப் பார்க்க எனக்கும் வயிறு எரிந்தது. பொறுத்துக்கொள் என்று சொல்வது இலகு. கடன்கொப்பி வைத்திருப்பவர் அவர். இப்போது குஞ்சுகளுக்கு வேறு கூடும் வேறு தண்ணீர்ச் சட்டியும் வைத்திருக்கிறார். கூட்டுக்குள் உமியை ஈரமில்லாமல் மாற்றுகிறார். ஈரத்தில்தான் அந்த நோய் பரவுகிறது.

இன்னொன்று. எனக்குச் சல்பா ஆகாது என்றதும், "பெரஸ் சல்பேற்" என்று எழுதியிருந்த இரும்புச்சத்துக் குளிசையையும் பயந்து எறிந்துவிட்டேன். மருத்துவிச்சி அம்மா நன்றாகப் பேசினார். பெயர் ஒலி ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு, இது வேறு. சல்பா ஆகாதவர்களும் இரும்புக் குளிசை குடிக்கலாம்.

உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். கொப்பியில் ஒன்று, அடையாள அட்டை உறைக்குள் ஒன்று வையுங்கள். கொப்பி தொலையும் என்பது எங்களுக்குத் தெரியாததா? நான் மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள், "கோட்ரைமொக்சசோல்" என்று தடுமாறாமல் சொல்லுவாள்.